நஜீப்பை விட்டுவிட்டால் என்ன?

கேள்வி: மலேசிய முன்னாள் பிரதமர் நஜீப் ரசாக்குக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 2022 முதல் சிறையில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகள் நாட்டை ஆண்ட மனிதர், பாவம். மன்னித்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன? நாளைக்கு எங்கள் நாட்டில் ஒரு முன்னாள் ஜனாதிபதி இப்படி உள்ளே போனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வீர்களா?
– ஒரு வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வேண்டாம் என்றுதான் சொல்வேன், இரண்டுக்கும்.

நஜீப்புக்கு ஏற்கெனவே பாதி மன்னிப்புக் கிடைத்துவிட்டது. எஸ்.ஆர்.சி. என்ற அரச நிறுவனத்தின் 42 மில்லியன் ரிங்கிட் அவருடைய கணக்குக்குப் போன வழக்கில் 2020இல் 12 ஆண்டுச் சிறையும் 210 மில்லியன் ரிங்கிட் தண்டப்பணமும் விதித்தார்கள். மேன்முறையீடெல்லாம் முடிந்து 2022 ஆகஸ்டில்தான் உள்ளே போனார். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 2024 ஜனவரி கடைசியில் மன்னிப்பு வாரியம் கூடித் தண்டனையை 6 ஆண்டாகவும் தண்டப்பணத்தை 50 மில்லியனாகவும் குறைத்தது. வாரியத்துக்குத் தலைமை தாங்கியவர், மாநில சுல்தான்கள் முறைவைத்து வகிக்கும் மாமன்னர் பதவியில் அப்போது இருந்த பகாங் சுல்தான். அவருடைய பதவிக்காலத்தின் கடைசி நாட்கள் அவை. நஜீப்பின் சொந்தத் தொகுதியான பெக்கான் இருப்பதும் பகாங்கில்தான். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 2025 டிசம்பரில், 1எம்டிபி என்ற அரச முதலீட்டு நிறுவனத்தின் பணம் சூறையாடப்பட்ட வழக்கில் இன்னொரு 15 ஆண்டு வந்தது. 1எம்டிபி விவகாரம் தன் காலத்தில் நடந்ததற்காக 2024 அக்டோபரில் அவர் மன்னிப்புக் கேட்டது உண்மைதான். ஆனால் அதே அறிக்கையில், தான் குற்றம் செய்யவில்லை என்றும் சொன்னார். செய்யாத குற்றத்துக்கு எதற்கு ஐயா மன்னிப்பு?

வயது என்கிறீர்கள். சரி, நோய் வந்தால் அதற்கு வைத்தியசாலை இருக்கிறது. காவலோடு வைத்து மருந்து கொடுக்கலாம். சாதாரண கைதிக்கும் எழுபது வயது வரத்தான் செய்கிறது, அவனுக்காக யாரும் பத்திரிகைக்குக் கேள்வி எழுதுவதில்லை.

மன்னிப்புக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஆகப் பலமான உதாரணம் தென் கொரியாவில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. இராணுவச் சர்வாதிகாரி சுன் டூ-ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதித்தார்கள். மேன்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. 1997 டிசம்பரில் மன்னித்து விட்டுவிட்டார்கள். அதற்குச் சம்மதம் சொன்னவர், அப்போதுதான் ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த கிம் டே-ஜுங். 1980இல் இதே சுன் ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு உயிர் தப்பியவர் அவர். தன்னைத் தூக்குக்கு அனுப்பப் பார்த்தவனையே மன்னித்த பெருந்தன்மை என்று உலகம் பாராட்டியது. நானும் மதிக்கிறேன். ஆனால் கிம் மன்னிக்கக்கூடியது தனக்கு நடந்ததை மட்டும். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் சுன்னின் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் தாய்மாரிடம் யார் கேட்டார்கள்? கடன் கொடுத்தவள் வாசலில் நிற்க, கடைக் கணக்கப்பிள்ளை கணக்கைக் கிழித்துப் போட்ட மாதிரிதான் அது.

வெளியே வந்த சுன் என்ன செய்தார்? 220 பில்லியன் வொன்னுக்கு மேல் கட்டச் சொல்லியிருந்தது நீதிமன்றம். தன்னிடம் 2 இலட்சத்து 90 ஆயிரம் வொன்தான் இருக்கிறது என்று 2003இல் நீதிமன்றத்தில் சொன்னார். 2021 நவம்பரில் செத்தார், குவாங்ஜுவுக்காக ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்காமலே.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000 டிசம்பரில் சிறுவர்கள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்க 2015 வரை ஆனது. உயர் நீதிமன்றம் 2019இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், ஊரே கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ஒரு கையெழுத்தில் அவரை விடுவித்தார். பதினைந்து வருடம் அலைந்த குடும்பங்களிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. மரண தண்டனைக் கைதி என்றால் நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை எல்லாம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை. செத்தவனின் வீட்டாருக்கு அதில் இடமே கிடையாது.

2021 பொசனுக்கு, அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவை விடுவித்தார்கள். அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருந்த 16 தமிழ்க் கைதிகளையும் விட்டார்கள். எங்கள் பிள்ளைகள் வீடு வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் யாருக்காக அந்தப் பட்டியல் போடப்பட்டது என்பது தெரியாத அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை. பிரேமச்சந்திரவின் மனைவியும் மகளும் வழக்குப் போட்டதால்தான் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை இரத்துச் செய்தது.

முன்னாள் ஜனாதிபதி என்றால்? இதுவரை ஒருவரும் இந்த நாட்டில் தண்டனை பெற்றதில்லை. கிட்டத்தட்ட அப்படி வந்தது முன்னாள் பிரதமர் சிறிமாவோவின் கதை. 1980இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு அவருடைய குடியியல் உரிமையைப் பறித்தது, 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்க முடியாமல் போனது, தேர்தலெல்லாம் முடிந்து 1986 ஜனவரியில் ஜே.ஆரே உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். பறித்ததும் அரசியல், கொடுத்ததும் அரசியல்.

திருகோணமலையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். 2006 ஜனவரி 2 அன்று உங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் விசேட அதிரடிப்படையினர் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019இல் உங்கள் ஊர் நீதவான் நீதிமன்றமே விடுவித்தது. மன்னிப்பதற்குக்கூட ஒரு குற்றவாளி கிடைக்காத ஊர் அது.

முழு மன்னிப்புக்கு நான் சம்மதிக்க வேண்டுமானால் எடுத்த பணம் திரும்பி வரட்டும், செய்ததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளட்டும், பாதிக்கப்பட்டவர்களை அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யட்டும், மன்னிக்கிறவர் தன் காரணத்தை எழுத்தில் வெளியிடட்டும். நஜீப் விஷயத்தில் இதுவரை இதில் ஒன்றாவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.