பதக்கம் வென்றவர் பயிற்சியாளராகப் போகும்போது

கேள்வி: என் தம்பி டேபிள் டென்னிஸில் இந்திய அணிக்காக ஆடியவன். சில ஆண்டுகளாகப் பயிற்சியாளராக இருக்கிறான். அமெரிக்காவில் பயிற்சியளிக்க, அசாதாரணத் திறமையுள்ளோருக்கான இ.பி.-1ஏ பிரிவில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறான். அவனுடைய பதக்கங்களும் நாளிதழ்ச் செய்திகளும் போதுமா?
- வாசகர் ஒருவர், கோவை

பதில்: அங்கே அவர் ஆடப் போகிறாரா, பயிற்சியளிக்கப் போகிறாரா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். எந்தத் துறையில் புகழ் பெற்றாரோ அதிலேயே பணியைத் தொடர வேண்டும் என்பது சட்டம். ஆடுவதையும் பயிற்றுவிப்பதையும் குடிவரவுத் துறை பொதுவாக வெவ்வேறாகவே பார்க்கிறது. தென்கொரியாவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ஒருவர் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் பயிற்சியாளராகப் பணிபுரிய இதே பிரிவில் விண்ணப்பித்தபோது, ஆட்டத்தில் ஈட்டிய பெருமை பயிற்சியாளருக்குரிய சான்றாகாது என்று மறுக்கப்பட்டது. 2002-இல் கூட்டாட்சி நீதிமன்றமும் அந்த மறுப்பில் தலையிட மறுத்துவிட்டது. வியர்வை சிந்தி ஆடியவருக்கு இந்தப் பிரிப்பு மிகக் கடுமையானது என்றே எனக்கும் படுகிறது. ஆயினும், ஆடிய காலத்துப் புகழ் அண்மைக்காலத்தது என்றும், பயிற்சியாளராகவும் தேசிய அளவில் அது தொடர்கிறது என்றும் காட்ட முடிந்தால், இரண்டையும் சேர்த்து மதிப்பிட அதிகாரிகளுக்கு இடமுண்டு. ஆகவே, தம்பியிடம் பயின்றவர்கள் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் பெற்ற வெற்றிகளையும், அவற்றில் அவருடைய பங்கு என்ன என்று விவரித்து எழுதப்பட்ட கடிதங்களையும் முதலில் திரட்டுங்கள். பொத்தாம்பொதுவான பாராட்டுக் கடிதம், எவ்வளவு பெரியவர் தந்தாலும், எடுபடாது.

ஒலிம்பிக் பதக்கம் போன்ற ஒரு பெரும் விருது இல்லாதவர்கள், விதிகள் கூறும் 10 வகைச் சான்றுகளில் குறைந்தது 3 வகைகளை நிறைவு செய்ய வேண்டும். இதே பிரிவு தொடர்பாக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் அளித்த கசாரியன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, அதிகாரி அத்துடன் நின்றுவிடாமல், எல்லாச் சான்றுகளையும் ஒருசேர எடைபோட்டு, இவர் தம் துறையின் உச்சியிலுள்ள மிகச் சிலருள் ஒருவர்தானா என்றும் பார்க்கிறார். வேலை தருபவர் யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. இதற்கான ஐ-140 என்ற மனுப் படிவத்தைத் தம்பியே தாக்கல் செய்யலாம்.

நாளிதழ்ச் செய்திகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். செய்தி அவரைப் பற்றியதாக இருக்க வேண்டும். முடிவுகளின் பட்டியலில் பெயர் வந்திருப்பது போதாது. தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் ஆகியவற்றை விதி கேட்கிறது. வீட்டில் செய்தியை மட்டும் நறுக்கி ஆல்பத்தில் ஒட்டும்போது, பக்கத்தின் மேலே உள்ள நாளிதழின் பெயரும் தேதியும் போய்விடுகின்றன. அப்படியிருந்தால் நூலகத்திலோ நாளிதழ் அலுவலகத்திலோ முழுப் பக்கத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். தமிழ்ச் செய்தி ஒவ்வொன்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானதென்றும் தமக்கு இரு மொழியும் தெரியுமென்றும் மொழிபெயர்த்தவர் தரும் சான்றும் இணைக்கப்பட வேண்டும்.