ஷேல் எரிவாயுவும் நேச்சுரல் இங்கிலாந்தும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: நேச்சுரல் இங்கிலாந்து ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிவிட்டால், ஷேல் எரிவாயு (ஷேல் பாறைக்குள் சிக்கியிருக்கும் வாயு) எடுக்கும் கிணற்றுக்கு அனுமதி கிடைத்த மாதிரிதானே?

பதில்: இல்லவே இல்லை. அது இயற்கைப் பாதுகாப்பில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு, 2006-இல் சட்டப்படி உருவானது. திட்ட அனுமதி தருவது உள்ளாட்சி அமைப்பான கவுன்சில். நிலத்தடி நீரும் கழிவும் சுற்றுச்சூழல் முகமையின் பொறுப்பு. ‘ஆட்சேபணை இல்லை’ என்றால், பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குப் பெரிய கேடு வராது என்று மட்டும்தான் பொருள். அதைத் திட்டத்துக்கே கொடுத்த நற்சான்றாக யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்போ அது சொல்வதைக் கவுன்சில் தள்ளிவிடலாமா?

பதில்: பொதுவாக, தகுந்த காரணம் இருந்தால் தள்ளலாம். ஆனால் அரிய உயிரினங்கள் வாழும் இடங்களைக் காக்கும் 2017 வாழிட விதிகளுக்குள் வரும் இடங்களில் கதை வேறு. அந்த இடத்துக்குக் கேடு வராது என்று உறுதியானால்தான் அனுமதிக்கலாம். விதிவிலக்கு மிக அபூர்வம். அங்கே ஆலோசகரான நேச்சுரல் இங்கிலாந்தின் கடிதத்தை லேசில் ஒதுக்க முடியாது. இதற்கு முந்தைய வாழிட விதிகள் இருந்த 2015-இல், 159 நிலத் தொகுதிகளில் எண்ணெய், எரிவாயு தேட உரிமம் தர அரசு முன்வந்தபோதும், 132 தொகுதிகள் இப்படிக் கேடு வருமா என்ற மதிப்பீட்டுக்காகவே சில மாதங்கள் காத்திருந்தன.

கேள்வி: கிணறு சரணாலயத்துக்கு வெளியேதானே இருக்கிறது, பறவைகளுக்கு என்ன வந்தது?

பதில்: நல்ல கேள்வி. லங்காஷயரில் குளிர்காலத்துக்கு வரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் இரவில் ரிபிள் கழிமுகத்தில் தங்கும். பகலில் எல்லை தாண்டி வயல்களில் மேயும். அந்த வயல் போனால் சரணாலயமும் பாதிதான். நாட்டிங்ஹாம்ஷயரின் மிசன் பகுதியில் கவலை நீள்காது ஆந்தைகளைப் பற்றி இருந்தது. புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தை வைத்தே இருட்டில் இரை பிடிப்பவை அவை. பக்கத்தில் இரவும் பகலும் துளையிட்டால் எப்படிக் கேட்கும்? அதனால்தான் சத்த அளவுக்கும் வேலை நடக்கும் பருவத்துக்கும் நிபந்தனை போடச் சொல்கிறார்கள்.

கேள்வி: ஷேல் எரிவாயு எடுப்பதால் வந்த நிலநடுக்கத்தை நேச்சுரல் இங்கிலாந்து ஏன் தடுக்கவில்லை?

பதில்: அது அவர்கள் துறை இல்லை. 2019 ஆகஸ்டில் லங்காஷயரின் பிரஸ்டன் நியூ ரோடு ஷேல் எரிவாயுக் கிணற்றருகே 2.9 அளவு நடுக்கம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையைப் பிளந்து வாயு எடுக்கும் விரிசல் முறையை அரசே நிறுத்தி வைத்தது.

கேள்வி: சாதாரண மக்கள் என்ன செய்யலாம்?

பதில்: எந்த வயல், எந்தத் தேதி, எத்தனை பறவைகள் என்று எழுதிப் படத்தோடு கவுன்சிலுக்கு அனுப்புங்கள், ஆலோசகருக்கும் ஒரு நகல். கருத்துக் கேட்கும் காலம் பெரும்பாலும் சில வாரங்களே. குறிப்பெடுப்பதை விண்ணப்பம் வரும் முன்பே தொடங்கிவிடுங்கள்.