கார்பன் மோனாக்சைடு ரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்குமா, தடுக்குமா?

சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுதான் ரத்தக்குழாயை அடைக்கிறது என்று ஓரிடத்திலும், அதே வாயு அடைப்பைத் தடுக்கிறது என்று வேறோர் இடத்திலும் படித்ததாகக் கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் படித்த காலத்தில் எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. இரண்டுமே ஆய்வுகளிலிருந்து வந்தவைதான். ஆனால் முதலாவது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

1960களில் கோபன்ஹேகனில் போல் ஆஸ்ட்ரூப் என்ற ஆய்வாளரின் குழுவினர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கலந்த தீனி கொடுத்து, இந்த வாயு கலந்த காற்றில் வைத்தார்கள். பெருந்தமனியில் கொழுப்பு அதிகம் படிந்தது. அப்புறம், சாதாரணத் தீனி தின்ற முயல்களிலும் தமனியின் உட்சுவர் சேதமாவதாகச் சொன்னார்கள். 1978இல் அதே ஆஸ்ட்ரூப்பும் சகாக்களும் மறுபடி பார்த்தார்கள். இந்த முறை எந்தத் தமனித் துண்டு எந்த முயலுடையது என்று தெரியாமலே ஆராய்ந்தார்கள். சேதம் எதுவும் தென்படவில்லை. தங்கள் பழைய முடிவுக்கு எதிரான இந்த முடிவை அவர்களே வெளியிட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டாவது செய்தி 2003இல் வந்த எலி ஆய்வு. பலூன் வைத்துத் தமனியைக் காயப்படுத்தினால், ஆறும்போது குழாய்ச் சுவரின் தசை செல்கள் உட்பக்கமாகப் பெருகிக் குழாய் குறுகும். காயத்துக்கு முன் ஒரு மணி நேரம், பத்து லட்சத்தில் 250 பங்கு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்த எலிகளில் அந்தப் பெருக்கம் வெகுவாகக் குறைந்தது. இந்த வாயு உடலுக்கு அந்நியமானதும் இல்லை. பழைய சிவப்பணுக்களின் ஹீமை, அதாவது ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியை, சிதைக்கும்போது நம் உடலே இந்த வாயுவைக் கொஞ்சம் தயாரிக்கிறது.

சரி, அப்படியானால் புகைப்பதில் தப்பில்லையா என்று கேட்காதீர்கள்! ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு இந்த வாயு நிச்சயம் கெடுதல். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். 1989இல் இதய நோயுள்ள 63 ஆண்களிடம் செய்த ஆய்வில், ஹீமோகுளோபினில் 2 முதல் 4 சதவீதத்தை இந்த வாயு பிடித்திருந்தபோதே, ட்ரெட்மில்லில் நெஞ்சுவலி சீக்கிரம் வந்தது. புகைப்பவர்களின் ரத்தத்தில் சாதாரணமாகவே அந்த அளவு இருக்கும், பலருக்கு அதற்கும் மேல். போதாததற்கு, உட்சுவரைக் கெடுக்கவும் ரத்தத்தை உறையவைக்கவும் புகையில் வேறு ரசாயனங்கள் தாராளமாக இருக்கின்றன.