எண்டெவரில் தினமும் ஆபீஸ் போகலாமா?

கேள்வி: வயது 41. வீடு குரோம்பேட்டையில். 2018-இல் வாங்கிய ஃபோர்டு எண்டெவர் வைத்திருக்கிறேன். 3.2 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். அப்பா மறைமலை நகரில் வேலை பார்த்தவர். அந்த ஊரில் உருவான வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். இத்தனை நாளும் வீட்டிலிருந்தே வேலை என்பதால், ஊருக்கும் மலைக்கும் போகும்போது மட்டும்தான் எடுப்பேன். இப்போது சோழிங்கநல்லூர் அலுவலகத்துக்கு வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டார்கள். போக வர 42 கிலோமீட்டர். கம்பெனி பஸ் உண்டு, ஆனால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடும். மனைவி சின்ன கார் ஒன்று வாங்கலாம் என்கிறார். அவர் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வண்டியை ஓட்டப் பயப்படுகிறார். மைத்துனரோ, ‘டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுள், கம்பெனியும் போய்விட்டது, விலை கிடைக்கும்போதே விற்றுவிடுங்கள்’ என்கிறார். நெரிசலில் ஓட்டி அதை வீணாக்கவும் மனமில்லை, வீட்டில் நிறுத்திவிட்டு வேறு வண்டியில் போகவும் மனமில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், சென்னை-44

பதில்: மைத்துனரை முதலில் வழியனுப்பிவிடுவோம். பத்து வருடம் என்பது டெல்லிக் கதை. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அது முதல் நாடு முழுக்க மைத்துனர்கள் அந்தப் பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. சொந்த உபயோக வண்டிக்கு இங்கே பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ஆர்.சி. 2033 வரை செல்லும்.

கம்பெனி போய்விட்டது என்பதில் பாதி உண்மை. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022-இல் மறைமலை நகர் ஆலையின் உற்பத்தியும் நின்றது. சர்வீசும் உதிரிப்பாகமும் தொடரும் என்றார்கள், தொடரவும் செய்கிறது. அதே ஆலையில் எஞ்சின் தயாரிக்கப்போவதாக 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து உங்கள் வண்டிக்குப் பம்பரும் ஹெட்லைட்டும் தாராளமாக வந்து குவியும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு எஞ்சின், வேறு காலத்துக்கு.

இனி சின்ன கார். உங்கள் மனைவி சொன்னதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, கடைசியில் வருகிறேன். முதலில் ரூபாய்க் கணக்கு. மாதம் 22 நாள் போனால் 924 கிலோமீட்டர். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை நெரிசலில் உங்கள் எஞ்சின் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுத்தாலே அதற்குப் பெரிய மனது. டீசல் 92 ரூபாய் சொச்சம் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 10,700 ரூபாய். சின்ன பெட்ரோல் கார் அதே சாலையில் 14 கொடுக்கட்டும், பெட்ரோல் 101 ரூபாய் இருக்கட்டும், அதற்கு 6,700 ரூபாய் ஆகும். வித்தியாசம் மாதம் நாலாயிரம். இந்த நாலாயிரத்தை மிச்சம்பிடிக்க ஏழு லட்சத்துக்கு ஒரு கார் வாங்குவீர்கள். அதில் ஐந்து லட்சம் கடன் என்றால், 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணை மாதம் 10,400 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இன்னொரு இன்ஷூரன்ஸ், இன்னொரு சர்வீஸ், அடுக்ககத்தில் இன்னொரு பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல். டீசலை மிச்சப்படுத்தக் கார் வாங்குகிறேன் என்று யார் சொன்னாலும் பேனாவை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். (ஓ.எம்.ஆரில் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்துச் சுங்கச்சாவடிகளை 2021 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டார்கள். அந்தச் செலவு உங்களுக்கு இல்லை.)

பணம் இருக்கட்டும், வண்டி தேய்ந்துவிடுமே என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. வருடத்துக்கு 11,000 கிலோமீட்டர் கூடும். ஐந்து சிலிண்டர், 3,198 சிசி எஞ்சின் அது. டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் என்பதால் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலையும் தாங்கும். இந்த ஓட்டத்துக்கெல்லாம் அது அசராது. நீங்கள் யோசிக்க வேண்டியது, யாருக்காகச் சேமித்துவைக்கிறீர்கள் என்பதைத்தான். இன்றைக்கு இந்த வண்டிக்குப் பாகம் கிடைக்கிறது; இதைத் திறந்து பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் சென்னையில் இருக்கிறார்கள். ஐந்தாறு வருடம் கழித்து இரண்டும் குறையுமே தவிரக் கூடாது. அப்படியிருக்க, நல்ல வருடங்களில் மூடி வைத்துவிட்டு, பாகத்துக்கு அலைய வேண்டிய வருடங்களில் எடுத்து ஓட்டுவது என்ன கணக்கு? தேருக்குத்தான் வருடம் ஒரு நாள் ஓட்டம். டீசல் வண்டியைத் தேர் மாதிரி கொட்டகையில் விட்டால் பேட்டரி படுக்கும், டயர் ஒரே பக்கம் அழுந்தும், சென்னை எலிகள் போனெட்டுக்குள் குடித்தனம் வந்து ஒயரைக் கடிக்கும். ஆகவே ஓட்டுங்கள். ஐந்து நாளும் வேண்டாம். அது ஏன் என்றும் சொல்கிறேன்.

தினமும் ஓட்டினால் உங்கள் வண்டிக்கு ஆபத்து எஞ்சினில் வராது, தகரத்தில் வரும். முதல் நாள் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அலுவலக பேஸ்மென்டுக்குப் போய் அளந்து பாருங்கள். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உங்கள் எண்டெவர் 4,903 மில்லிமீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டு 1,869 மில்லிமீட்டர் அகலம். நீளத்தில் மிச்சம் பத்து சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. நடுக்கோட்டில் பிசகாமல் நிறுத்தினால் பக்கத்துக்கு 31 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் உங்கள் கதவு எவ்வளவு கனம் என்பது உங்களுக்குத் தெரியும். லேப்டாப் பையை முதலில் வெளியே அனுப்பி, வயிற்றை உள்ளிழுத்து, பக்கவாட்டில் நழுவி இறங்குவீர்கள். பக்கத்து இடத்துக்காரர் அவ்வளவு பொறுமையாக இறங்குவாரா? தூண் ஒன்று பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் கதவே திறக்காது. உங்களுடையது டைட்டானியம் என்ற உயர்ரக மாடல் என்றால் ஸ்டியரிங்கைத் தானே திருப்பி நிறுத்தும் வசதி இருக்கும். அது சாலையோரம் நீளவாக்கில் நிறுத்துவதற்கு, பேஸ்மென்டுக்கு உதவாது. தூக்கி அடுக்கும் எந்திரப் பார்க்கிங் என்றால் எடையும் உயரமும் பலகையில் எழுதியிருப்பார்கள். உங்கள் வண்டி இரண்டு டன்னைத் தாண்டியது, உயரம் 1,837 மில்லிமீட்டர். வாசித்துவிட்டு ஏற்றுங்கள்.

தூண் இல்லாத ஓர இடம், அல்லது திறந்தவெளியில் ஓர் இடம் கிடைக்குமா என்று கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் பஸ் நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் ஒரு ஹெட்லைட்டோ பக்கக் கண்ணாடியோ போனால், விலையைவிட அது வந்து சேரும் நாட்கள்தான் உங்களை வாட்டும். முன்னும் பின்னும் டேஷ்கேம் பொருத்துங்கள். தேய்மானம் கழிக்காத இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். வண்டிக்கு வயதானால் சில நிறுவனங்கள் தரத் தயங்கும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் மழை நினைவுக்கு வருகிறது. நீங்கள் போகும் ரேடியல் சாலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஊடுருவிப் போகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் வீட்டிலிருந்தே பார்த்திருப்பீர்கள். எண்டெவர் 800 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் என்று விளம்பரத்திலேயே சொன்னார்கள், உண்மைதான். ஆனால் அது நிற்கிற தண்ணீரில், நிதானமாகப் போகும்போது. எதிரே ஒரு லாரி வந்தால் அலை எவ்வளவு உயரும் என்று எந்தக் கையேட்டிலும் போடவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசியில் பைசா வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அந்த நாளில் வீட்டிலிருந்தே வேலை கேளுங்கள். மேலாளர் தரவில்லை என்பதற்காக வண்டியைப் பணயம் வைக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் சொல்லவேண்டிய ஒன்று. தினமும் ஓட்டினால் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆயில் மாற்றுவீர்கள். இந்த 3.2 எஞ்சினில் பழைய ஆயிலை வடித்துவிட்டு நீண்ட நேரம் அப்படியே விடக் கூடாது. ஆயில் பம்ப் வறண்டு, மறுபடி இழுக்க மறுக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குக் கேடு. பத்து நிமிடத்துக்குள் புது ஆயிலை ஊற்றிவிட வேண்டும். வெளிக் கடையில் செய்தால் வடிகால் திருகைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். இந்தப் பகுதியை வாசிக்கிற பி.எஸ்.6 டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். உங்கள் அலுவலகம் நாலு கிலோமீட்டரில் இருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது, ஸ்கூட்டர் வாங்குங்கள்.

ஐந்து நாள் வேண்டாம் என்றேன். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில், ஏழு பேர் உட்காரும் வண்டியில் தனியாளாக வாரம் ஐந்து நாள் போய் வருவது கொஞ்சம் அதிகம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை அந்த மெட்ரோ முடிந்தால்கூடக் குரோம்பேட்டைக்காரரான உங்களுக்குத் துரைப்பாக்கத்திலிருந்துதான் பயன்படும். அதனால் மூன்று நாள் வண்டி, இரண்டு நாள் பஸ் என்று தொடங்குங்கள். ஏழு மணி பஸ்ஸைப் பற்றிக் குறைப்பட்டீர்கள். எட்டரைக்கு வண்டியை எடுத்துச் சிக்னல் சிக்னலாக நிற்பதைவிட, ஏழு மணி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற சக ஊழியர்கள் இருந்தால் முறை வைத்துப் போங்கள், ஒரு வாரம் உங்கள் வண்டி, மறுவாரம் அவர்கள் வண்டி. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்காதீர்கள். அது வாடகை வண்டிக் கணக்காகிவிடும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் தோண்டுவார்.

ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பாருங்கள். வீடு திரும்பி வண்டியைப் பூட்டும்போது திரும்பி ஒரு தடவை பார்க்கத் தோன்றுகிறதா, அல்லது சாவியை மேசையில் வீசுகிறீர்களா என்று கவனியுங்கள். வீசத் தொடங்கினால் பஸ்ஸை மூன்று நாளாக்குங்கள், வண்டியை விற்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் மனைவி. லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம், இந்த வண்டியை ஓட்டப் பயம் என்று எழுதிவிட்டு, அவர் சின்ன கார் கேட்பதை உங்கள் ஆபீஸ் பயணத்துக்கு யோசனை சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் வாரத்தில் மூன்று நாள் எண்டெவரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் அவருக்கு என்ன இருக்கும்? இருந்தாலும் அவர் ஓட்டக்கூடியதாக இல்லையே. அவருக்காக வாங்குவதென்றால் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லாது. அங்கே நாலாயிரம் மிச்சமா என்ற கேள்வியே இல்லை. வீட்டில் இரண்டாவதாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வண்டி, அவ்வளவுதான். பணம் இடம் கொடுத்தால் வாங்குங்கள், பழைய கார் என்றாலும் பரவாயில்லை. ஆனால் எண்டெவருக்கு ஓய்வு கொடுக்க என்று ஒரு கார் வாங்கி, அதையும் நீங்களே சோழிங்கநல்லூருக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்றைக்கே அவரைக் கேளுங்கள். ஷோரூமுக்கு அவரே போய், அவரே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். ‘பின்சீட்டில் இடம் போதாது’, ‘எஞ்சின் சின்னது’ என்றெல்லாம் எண்டெவரில் உட்கார்ந்து பழகிய நீங்கள் அங்கே வாய் திறக்க வேண்டாம். நிறத்திலும் தலையிடாதீர்கள்.