கைவினை விமர்சனம் எழுதுவது: கேள்வியும் பதிலும்

இன்றைய கைவினை, வடிவமைப்பு பற்றி எழுதிப் பார்ப்பவர்களின் சந்தேகங்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, மட்பாண்டக் கண்காட்சி பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் "அழகு", "நேர்த்தி", "எளிமை" தாண்டி ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

அனுமதி கேட்டுவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி விளிம்பில் பெரும்பாலும் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகும் மேற்பூச்சு) இருக்காது. மண்ணின் உண்மையான நிறமும் சொரசொரப்பும் அங்கேதான் தெரியும். கிளேஸ் எங்கே வழிந்து நின்றது, அடியைச் சீவியதில் பொறுமை இருக்கிறதா, அவசரம் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். அப்புறம் தூக்கிப் பாருங்கள். கண் எதிர்பார்த்த எடைதானா கைக்கு வருகிறது?

இப்படிப் பார்த்து எழுதியதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைப்பு பற்றி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கை. அதில் லோட்டாவை, அதாவது நம் சொம்பைப் பற்றி ஒரு பகுதி வரும். லோட்டாவைப் புகழ்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் கேள்விகளாலேயே. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? தலையில் சுமப்பதா, இடுப்பில் வைப்பதா? காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, நிறைந்தால் எங்கே, சாய்த்து ஊற்றும்போது எங்கே? தரையில் வைத்தால் என்ன சத்தம்? விற்கும்போது, கொடுக்கும்போது, சொந்தமாக வைத்திருக்கும்போது என்ன உணர்வு? படித்து முடிக்கும்போது அந்தப் பாத்திரத்தைக் கையில் பிடித்த மாதிரி இருக்கும். உங்கள் "நேர்த்தி" என்ற சொல்லை இந்த மாதிரி ஐந்து கேள்விகளாக உடையுங்கள். அதற்கான பதில்கள்தான் உங்கள் கட்டுரை.

கேள்வி: கையால் செய்தது என்றாலே உயர்ந்தது என்று எழுதுகிறார்களே, சரியா மேடம்?

சோம்பேறித்தனம். டேவிட் பை என்ற பிரிட்டிஷ் மரவேலைக்காரர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவர், 1968-லேயே இந்தக் குழப்பத்துக்கு ஒரு வழி காட்டினார். கையா, இயந்திரமா என்று பார்க்காதீர்கள். வேலை நடக்கும்போது முடிவு எவ்வளவு தூரம் நிச்சயமாகியிருக்கிறது என்று பாருங்கள் என்றார். பேனாவால் எழுதும்போது ஒவ்வொரு எழுத்திலும் தவறு நடக்கலாம். அச்சில் அச்சுக்கோத்து முடித்தபிறகு எல்லாப் பிரதியும் ஒன்றுதான். முதலாவது ஆபத்துள்ள வேலை, இரண்டாவது நிச்சயமான வேலை. பெரும்பாலான பொருட்களில் இரண்டும் கலந்தே இருக்கும். கையில் உளி இருந்தாலும், அதை ஒரு சட்டத்துக்குள் நகர்த்தினால் ஆபத்து குறைந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பை செதுக்கிய கிண்ணங்களின் வரிப்பள்ளங்களுக்கு அவரே ஒரு கருவி செய்து வைத்திருந்தார்! அதனால் "கையால் செய்தது" என்று முடித்துக்கொள்ளாமல், ஆபத்து எந்த இடத்தில் இருந்தது, அது பொருளுக்கு என்ன கொடுத்தது என்று எழுதுங்கள். ஒன்றும் கொடுக்கவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

கேள்வி: இது கலையா, கைவினையா என்பதை விமர்சகர் முதலில் தீர்மானிக்க வேண்டாமா?

வேண்டாம். நியூயார்க்கில் 1956-ல் சமகாலக் கைவினைக்கென்றே தொடங்கிய அருங்காட்சியகம், 2002-ல் பெயரிலிருந்து கைவினையை எடுத்துவிட்டது. மறுவருடம் கலிஃபோர்னியாவில் ஒரு கலைக் கல்லூரியும் அதையே செய்தது. நிறுவனங்கள் எதற்குக் கூச்சப்படுகின்றன என்பதற்கு இவை நல்ல சான்று. உங்கள் முன்னால் இருக்கும் ஜாடியைப் பற்றி இவை ஒன்றும் சொல்வதில்லை.

கேள்வி: நான் நெசவு செய்பவள். இந்த வட்டமே சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பிழைப்பே கஷ்டம். இதில் குறை வேறு எழுத வேண்டுமா அக்கா?

வேண்டும். வட்டம் சின்னது என்பதால்தான் இந்தத் துறையில் விமர்சனம் என்ற பெயரில் கேட்லாக் வாசகங்களே அதிகம் வருகின்றன. படைப்பாளரின் வாழ்க்கை, கொஞ்சம் இயற்கை, கொஞ்சம் பாரம்பரியம், முடிந்தது.

1969-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கும் நெசவுப் படைப்புகளுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. ஷீலா ஹிக்ஸ், லெனோர் டாவ்னி, மக்தலேனா அபகனோவிச் எல்லாரும் இருந்தார்கள். சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா அதற்கு எழுதிய விமர்சனத்தில், இவை மகிழ்விக்கின்றன, ஆனால் ஓவியமும் சிற்பமும் பார்ப்பவரிடம் கேட்கும் அளவுக்குக் கேட்பதில்லை, அலங்காரத்திலிருந்து அபூர்வமாகவே விடுபடுகின்றன என்றார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அபகனோவிச்சின் ராட்சத நெசவுகளை அலங்காரம் என்று தள்ள முடியாது. ஆனால் அந்த ஒரு வரியோடு இன்றும் மல்லுக்கட்ட முடிகிறது. அதற்கு எட்டு வருடம் முன்பு, பீட்டர் வோல்கோஸ் போன்ற அமெரிக்க மட்பாண்டக் கலைஞர்கள் களிமண்ணைப் புழங்கு பொருளாக்காமல் வெட்டியும் கிழித்தும் அடுக்கியதை ஆதரித்து ஒரு கைவினை இதழின் ஆசிரியர் ரோஸ் ஸ்லிவ்கா எழுதியபோது, வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். பாராட்டு எழுதினாலும் அதில் ஒரு வாதம் இருந்தால் சண்டை வரும். வரட்டும்.

ஒரு எல்லை மட்டும் உண்டு. தன் பெயரில் கண்காட்சி வைப்பவரிடம் கடுமையாக இருக்கலாம். கூலிக்கு நெய்பவரின் துணியில் வடிவம் சரியில்லை என்றால், வடிவம் கொடுத்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பெயர் தெரியாத கைவினைஞர் என்று போற்றுவது பற்றி?

யானகி சோயெட்சு என்ற சிந்தனையாளர் ஜப்பானில் அதை ஒரு இயக்கமாகவே ஆக்கினார். 1936-ல் டோக்கியோவில் அதற்கு அருங்காட்சியகமும் திறந்தார். பெயரில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் அழகு வருகிறது என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய குயவர் நண்பர்கள் ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்ஜிரோ, பெர்னார்ட் லீச் மூவருமே உலகப் பெயர் பெற்றவர்கள்! பெயரில்லாமல் இருப்பது யாருக்கு வாய்க்கிறது, யார் அதைத் தேர்ந்தெடுக்க முடிகிறது என்பதே என் கேள்வி. வடிவமைப்பாளரும் கைவினைஞரும் சேர்ந்து செய்த பொருள் என்றால் வரைந்தது யார், செய்தது யார், சீட்டில் இருப்பது யார் பெயர் என்று பாருங்கள். சீட்டில் ஒன்றும் இல்லை என்றால், இல்லை என்பதையே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வேலைக்கே ஆகாத டிசைனை எப்படி மதிப்பிடுவது? பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஃபிலிப் ஸ்டார்க்கின் மூன்று கால் ஜூஸ் பிழியும் கருவி மாதிரி?

1990-ல் அலெஸ்ஸி என்ற இத்தாலிய வீட்டுப் பொருள் நிறுவனம் வெளியிட்டது. விதையைத் தடுக்க வடிகட்டி கிடையாது. சாறு காலோடும் வழியும். "பேச்சைத் தொடங்கி வைக்கும் பொருள்" என்று அதற்கு வக்காலத்து வாங்குவார்கள். சரி, அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக என்ன பேச வைத்திருக்கிறது? பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான். என் கணக்கில் அது பாதி வெற்றி.

கேள்வி: புகைப்படத்தை மட்டும் பார்த்து எழுதலாமா?

எழுதலாம், ஆனால் படம்தான் பார்த்தேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எடை, அளவு, ஓசை பற்றி வாயே திறக்காதீர்கள்.

கேள்வி: படைப்பாளரின் குறிப்பை எப்போது படிக்க வேண்டும்?

கடைசியில். உங்கள் முதல் வரைவு முடிந்தபிறகு. அவர் "நினைவு", "மண்ணின் மௌனம்" என்றெல்லாம் எழுதியிருப்பார். அவற்றில் எது பொருளில் தெரிகிறது, எது குறிப்பில் மட்டும் இருக்கிறது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். சூளை எது, எந்த வெப்பம் என்ற விவரங்கள் இருந்தால் மட்டும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.