வாடன் கடலில் சின்னப் பாய்மரப் படகு தரைதட்டாமல் போவது எப்படி?

நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரையோரம் இருக்கும் ஆழமில்லாத வாடன் கடலில் வரைபடத்தை மட்டும் நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். சேற்றில் நட்டிருக்கும் குச்சிகளைப் பார்த்துத்தான் ஆழமான தடத்தைப் பிடிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் நேரம். அங்குள்ள தீவுக்கும் கரைக்கும் நடுவே, தீவின் இரு பக்கமும் சுற்றி வரும் ஓதம் (கடல் நீர் ஏறி வற்றுவது) சந்திக்கும் நீரடி மேட்டை, நீர் ஏறும்போதே, உச்சத்துக்குச் சற்று முன்னால் கடந்துவிடுங்கள். ஏறும் நீரில் தட்டினால் கொஞ்ச நேரத்தில் படகு தானாக மிதக்கும். வற்றும்போது தட்டினால்? சில சமயம் 12 மணி நேரம்கூட டீ போட்டுக் குடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தின் உச்சியில் மாட்டினால் இன்னும் மோசம். அடுத்தடுத்த ஏற்றங்கள் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம், ஆழம் பார்க்க ஒரு நீளக் கம்பு. கருவியைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.