அஸ்வெசும (இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு): கேள்வி பதில்

வவுனியா: விண்ணப்பித்தும் பட்டியலில் பெயர் இல்லை. ஆட்சேபனை போடவா?

மேன்முறையீடு போடுங்கள். ஆட்சேபனை என்பது தகுதியில்லாத இன்னொருவர் பட்டியலில் இருக்கிறார் என்று சொல்வதற்கு. உங்கள் பெயர் விடுபட்டாலோ, குறைந்த தொகைக்கான வகுப்பில் போட்டிருந்தாலோ மேன்முறையீடுதான்.

அதில் "நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டவர்கள்" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்களை வைத்துத்தான் புள்ளி போடுகிறார்கள். எந்தப் பதிவு பிழையென்று குறித்துச் சொல்லுங்கள். மண் தரை சீமெந்துத் தரையாகப் பதிவாகியிருந்தால் படம் எடுத்து இணையுங்கள். நாட்பட்ட நோய் விடுபட்டிருந்தால் கிளினிக் கொப்பியின் பிரதி. ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு இல்லாமல் பிரதேச செயலகப் படி இறங்காதீர்கள். விண்ணப்பத்துக்கோ மேன்முறையீட்டுக்கோ யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம்.

மன்னார்: பெயர் இருக்கிறது, காசு வரவில்லை.

முதலில் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தாலோ, பழைய இலக்கம் ஒன்றிலும் புதிய இலக்கம் மற்றதிலும் இருந்தாலோ திருத்த வேண்டும். சரியாக இருந்தால் பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவைக் கேளுங்கள், அல்லது 1924 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

யாழ்ப்பாணம்: இந்தக் காசு உண்மையில் உதவுதா, கண்துடைப்பா?

உதவுகிறது, ஆனால் குறைவாக. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8%, உணவுக்கு 94.9%. 2023 ஜூலையில் மொத்தப் பணவீக்கம் 6.3% ஆனதும் விலை இறங்கிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். 100 ரூபாய்ச் சாப்பாட்டுச் சாமான் 195 வரை ஏறி, அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த ஜூலையில் 'வறிய' வகுப்புக்கு வைத்த தொகை மாதத்துக்கு 8,500 ரூபாய். நால்வர் குடும்பத்தில் தலைக்கு நாளுக்கு 71 ரூபாய். ஏழு பேர் என்றால் 40, ஏனென்றால் தலை எண்ணிக்கை பார்க்காமல் குடும்பத்துக்கு ஒரே தொகை. 2024 முடியும்வரை அது அசையவில்லை. 2025 ஜனவரியில்தான் 10,000 ஆனது. 'மிக வறிய' வகுப்புக்கு 15,000 இருந்து 17,500. விலைச் சுட்டெண்ணோடு கட்டாத நிவாரணம் உப்புப் பையைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடப்பது போல; கரை சேருமுன் கரைந்துவிடும்.

அதே யாழ்ப்பாணம்: அப்ப அரிசி, பருப்பாக் குடுக்கலாமே? 2022இல தமிழ்நாடு அனுப்பினதுதானே. காசெண்டால் குடிச்சு அழிப்பினம்.

குடிக்கிறவர் அரிசியையும் விற்றுக் குடிப்பார், அதை விடுங்கள். 2022 மே மாதம் சென்னையிலிருந்து முதற் கப்பலில் 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் வந்தன. அப்போது அது சரி. இறக்குமதிக்கு நாட்டில் டொலர் இல்லை, கடையில் பால்மா இல்லை. காசைக் கொடுத்தால் இல்லாத சாமானின் விலைதான் ஏறியிருக்கும். 2023இல் கடையில் சாமான் இருந்தது, கையில் காசு இல்லை. அந்த நிலைக்குக் காசுதான் மருந்து. மருந்தும் பஸ் காசும் பிள்ளையின் கொப்பியும் அரிசி மூட்டைக்குள் வராது.

திருகோணமலை: அப்படியென்றால் அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த சமுர்த்தி நிவாரணமே நல்லது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. 2022 தொடக்கத்தில் 28% கூட்டியும் சமுர்த்தியின் உச்சத்தொகை 4,500தான். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87இலிருந்து 340க்குப் போனது. பத்து லீற்றருக்கு 3,400. மிச்சத்தில் என்ன சமைப்பது?

கிளிநொச்சி: பட்டியலில் பெயர் இல்லை, என்ன செய்வது?

மேலே வவுனியாவுக்குச் சொன்ன முதற் பதிலைப் பாருங்கள்.

ஹட்டன்: லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எல்லோருக்கும் ஒரே முகவரி. எங்கள் குடும்பத்தைப் பக்கத்து அறையோடு சேர்த்துவிட்டார்கள்.

இதைத்தான் மேன்முறையீட்டின் முதல் வரியாக எழுத வேண்டும். லய இலக்கம், அறை இலக்கம், அறையிலிருப்போர் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், தனிச் சமையல் என்பதற்குக் கிராம சேவகரின் கடிதம். தோட்டத்தின் பெயரை மட்டும் போட்டால் திரும்பவும் அதே குழப்பம்தான்.

மட்டக்களப்பு: 1,500 கொடுத்தால் பெயரைச் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். பட்டியலில் பெயர்…

கொடுக்காதீர்கள். மற்றதுக்கு முதற் பதில்!

முல்லைத்தீவு: அப்பாவுக்கு 74 வயது, சிறுநீரக நோயாளி. இரண்டு கொடுப்பனவும் கிடைக்குமா?

2025இலிருந்து சிறுநீரக நோயாளிக்கு 10,000, முதியோருக்கு 5,000. இரண்டும் ஒருவருக்கே கிடைக்குமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். நோயை உறுதிப்படுத்தும் வைத்திய அறிக்கையின் மூலப்பிரதியைக் காட்டிவிட்டுப் பிரதியை மட்டும் கொடுங்கள்.